சோதனைத் தளத்து மாற்றங்களை லைவ் தளத்துக்குக் கொண்டுபோவது எப்படி? மருதமுனைக் கைத்தறிக் கடைத் தம்பிக்கு ஒரு பதில்

கேள்வி சுருக்கமாக இதுதான். இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள மருதமுனையில் குடும்பமாக நடத்தும் கைத்தறிக் கடை. சாரமும் சேலையும் விற்கும் இணையத்தளம். தளத்தை நடத்தும் வேர்ட்பிரஸ், அதில் கடையை நடத்தும் வூகொமர்ஸ், பக்கங்களைக் கட்டும் எலிமென்டர் மூன்றும் சேர்ந்தது. அதைச் செய்து கொடுத்தவர் வெளிநாடு போய்விட்டார். போகுமுன், வாடிக்கையாளர் பார்க்கும் லைவ் தளத்தைப் பிரதி எடுத்து, மாற்றங்களைச் செய்து பார்க்கச் சோதனைத் தளம் ஒன்றை அமைத்துக் கொடுத்திருக்கிறார். தம்பி அதில் உட்கார்ந்து முகப்பைப் புதிதாகக் கட்டி, நிறங்களை மாற்றி, விநியோகக் கட்டணத்தைத் திருத்தி, வாட்ஸ்அப் பொத்தானுக்கு ஒரு பிளகினும் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) போட்டுவிட்டார். "எனக்குக் கோடிங் தெரியாது. ஹொஸ்டிங் (தளத்தை வைத்திருக்க இடம் தரும் நிறுவனம்) பக்கத்தில், சோதனைத் தளத்தை லைவ் தளத்துக்குத் தள்ளும் ‘புஷ் டு லைவ்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. பெருநாளுக்கு முன் அதை அழுத்திவிடலாமா?" என்பது அவருடைய கேள்வி.

அழுத்த வேண்டாம், தம்பி. கோடிங் தெரியாதது இங்கே தடையே இல்லை. உங்களுடைய நான்கு மாற்றங்களையும் கையாலேயே, ஒரு காலைப்பொழுதில் கொண்டுபோய்விடலாம். அந்தப் பொத்தான் என்ன செய்யும் என்பதைத் தெரிந்துகொண்டால் நான் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது விளங்கும்.

உங்கள் தளத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று கோப்புகள்: வேர்ட்பிரஸ் மென்பொருள், தோற்றத்தைத் தரும் தீம், பிளகின்கள், நீங்கள் ஏற்றிய படங்கள். மற்றது தரவுத்தளம்: பக்கங்களில் எழுதியவை, பொருட்கள், விலை, கையிருப்பு, வாடிக்கையாளர் விவரம், ஓடர்கள், ஏறக்குறைய எல்லா அமைப்புகளும், பல அட்டவணைகளில். கோப்புகள் பெரும்பாலும் நீங்கள் தொட்டால்தான் மாறும். தரவுத்தளம் நீங்கள் தூங்கும்போதும் மாறிக்கொண்டே இருக்கும். சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை லைவ் தளத்தைப் பிரதி எடுத்துச் சோதனைத் தளம் அமைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். புதன்கிழமை டோஹாவிலிருக்கும் ஒருவர், ஊரிலுள்ள தாயாருக்கென்று, கடைசியாக ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்த மெரூன் சேலையைக் கார்டில் பணம் கட்டி வாங்குகிறார். வியாழக்கிழமை நீங்கள் பொத்தானை அழுத்துகிறீர்கள். ஞாயிற்றுக்கிழமைத் தரவுத்தளம் வந்து புதன்கிழமைத் தரவுத்தளத்தை அழித்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. ஓடரைக் காணோம். வாங்கியவரின் தொலைபேசி இலக்கத்தையும் தாயாரின் முகவரியையும் காணோம். விற்றுப்போன சேலை மறுபடியும் கையிருப்பு 1 என்று காட்டுகிறது. அதை இன்னொருவர் வாங்குகிறார். காசு மட்டும் பத்திரமாகக் கணக்கில் இருக்கும், யார் கட்டினார் என்று கடை நிர்வாகப் பக்கத்தில் தெரியாது. மின்னஞ்சலைத் துழாவித்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும்.

"ஓடர் உள்ள அட்டவணைகளை விட்டுவிட்டு மீதியைத் தள்ள முடியாதா? தேர்வு கேட்கிறதே" என்று அடுத்து கேட்பீர்கள். கேட்கும் என்பது உண்மை. சொஃப்டகுலஸ், டபிள்யூபி டூல்கிட் போன்ற கருவிகள் கோப்புகளைத் தனியாகவும் தரவுத்தளத்தைத் தனியாகவும் தள்ள விடுகின்றன. அட்டவணைகளைத் தேர்ந்தெடுக்கவும் விடுகின்றன. ஆனால் உங்கள் மாதிரிக் கடைக்கு அந்தத் தேர்வு அவ்வளவாக உதவாது. வூகொமர்ஸ் 8.2 பதிப்பு 2023 ஒக்டோபரில் வந்தபோது புதிய கடைகளுக்கு ஓடர்களைத் தனி அட்டவணைகளில் வைக்கத் தொடங்கியது. அதற்கு முந்தைய கடைகளில் பக்கங்கள் இருக்கும் அதே ‘போஸ்ட்ஸ்’ அட்டவணையில்தான் ஓடர்களும் இருந்தன. மாற்றிக்கொள்ளாத பழைய கடைகளில் இன்றும் அங்கேதான் இருக்கின்றன. சரி, உங்களுடையது புதிய கடை என்றே வைத்துக்கொண்டாலும் பொருட்கள் இன்னும் ‘போஸ்ட்ஸ்’ அட்டவணையில்தான்; கையிருப்பு எண்ணிக்கை ‘போஸ்ட்மெட்டா’ அட்டவணையில். எலிமென்டரில் நீங்கள் கட்டிய முகப்பும் அதே இரண்டு அட்டவணைகளில்தான் கிடக்கிறது. முகப்பை எடுத்துக்கொண்டு கையிருப்பை விட்டுவிடு என்று அட்டவணைக் கணக்கில் சொல்ல வழியில்லை.

இன்னொரு சிக்கல் கண்ணுக்கே தெரியாது. வேர்ட்பிரஸ் ஒவ்வொரு பக்கத்துக்கும் படத்துக்கும் பொருளுக்கும் வரிசையாக ஓர் எண் கொடுக்கிறது. ஓடர்களும் அந்த வரிசையிலேயே எண் வாங்குகின்றன. பிரதி எடுத்த நிமிடத்தில் இரண்டு தளங்களும் ஒரே இடத்திலிருந்து எண்ணத் தொடங்கின. ஆகவே சோதனைத் தளத்தின் புதிய முகப்புக்கு 1450 விழுந்திருக்க, லைவ் தளத்தில் வந்த ஓடருக்கும் அதே 1450 விழுந்திருக்கலாம். இரண்டையும் ஒட்டவைக்க அந்தப் பொத்தானால் முடியாது. பிளகின் விளம்பரங்கள் இதைப் பெரிய எழுத்தில் சொல்வதில்லை.

அதனால்தான் சொல்கிறேன், தளத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். செய்த மாற்றங்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கொண்டுபோங்கள். இதற்கு முதலில் வேண்டியது குறிப்பு எழுத ஒரு கொப்பி. சோதனைத் தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எதை, எந்தத் திரையில், எதிலிருந்து எதற்கு மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். ஏற்கெனவே மாற்றி முடித்துவிட்டதால் நினைவிலிருந்து எழுதத்தான் வேண்டும். இரண்டு தளங்களின் நிர்வாகப் பக்கங்களையும் அருகருகே திறந்து பார்த்தால் விட்டுப்போனவை அகப்படும். அடுத்த முறை மாற்றும்போதே எழுதுங்கள். கையால் திரும்பச் செய்வது அறியாதவர் வேலை என்று சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சிறு கடைக்கு இதைவிடப் பாதுகாப்பான வழியை நான் பார்த்ததில்லை.

விநியோகக் கட்டணத்தில் தொடங்குவோம், அதுதான் மிக எளிது. வூகொமர்ஸ் அமைப்புகளில் விநியோகப் பகுதிக்குப் போய் எண்களைத் தட்டிச் சேமியுங்கள். நாலைந்து எண்களுக்காக ஒரு தரவுத்தளத்தை நகர்த்துவது வீண் வேலை.

பிளகினையும் சோதனைத் தளத்திலிருந்து பிரதி எடுக்க வேண்டாம். லைவ் தளத்தில் புதிதாக நிறுவி, சோதித்த அதே பதிப்புத்தானா என்று பார்த்து, அமைப்புகளைக் கொப்பியைப் பார்த்து நிரப்புங்கள். அன்றைக்கே மற்றப் பிளகின்களையும் ‘அப்டேட்’ செய்துவிடுவோம் என்று கை துறுதுறுக்கும். வேண்டாம். ஏதாவது உடைந்தால் எதனால் உடைந்தது என்று தெரியாமல் போய்விடும்.

முகப்புத்தான் பெரிய வேலை. எலிமென்டரில் அந்தப் பக்கத்தை ‘டெம்ப்ளேட்’ ஆகச் சேமித்து ஏற்றுமதி செய்தால் சிறிய ஜேசன் கோப்பு ஒன்று இறங்கும். லைவ் தளத்தின் எலிமென்டரில் அதை இறக்குமதி செய்து, புதிய பக்கம் ஒன்றை உருவாக்கி, அதற்குள் அந்த டெம்ப்ளேட்டை இடுங்கள். பழைய முகப்பில் கை வைக்காதீர்கள். புதிய பக்கம் வரைவாகவே இருக்கட்டும். முன்னோட்டத்தில் கணினியிலும் கைத்தொலைபேசியிலும் நிதானமாகப் பாருங்கள். இறக்குமதியாகும்போது எலிமென்டர் படங்களைச் சோதனைத் தளத்து முகவரியிலிருந்து இழுத்துக்கொள்ளும். சோதனைத் தளத்துக்குக் கடவுச்சொல் பூட்டுப் போட்டிருந்தால் படங்கள் வராது. அந்த அரை மணி நேரத்துக்குப் பூட்டைத் திறந்துவையுங்கள், அல்லது படங்களைக் கையால் ஏற்றுங்கள். இறக்கியபின் ஒவ்வொரு படத்தையும் பொத்தானையும் சொடுக்கி, முகவரி லைவ் தளத்துடையதுதானா என்று பாருங்கள். ‘இப்போதே வாங்குங்கள்’ பொத்தான் சோதனைத் தளத்துக்கு இட்டுச்செல்வது அடிக்கடி நடக்கிற கூத்து.

எலிமென்டர் இல்லாமல் வேர்ட்பிரஸின் சொந்தத் தொகுப்பானில் கட்டிய பக்கமென்றால் இன்னும் சுலபம். மூன்று புள்ளிப் பட்டியலில் எல்லாத் தொகுதிகளையும் நகலெடுக்கச் சொல்லி, அங்கே போய் ஒட்டிவிடலாம். படங்களை மட்டும் லைவ் தளத்தில் ஏற்றி மாற்றிக்கொள்ள வேண்டும்.

பக்கம் தயாரானதும் அதை வெளியிட்டு, ‘அமைப்புகள்’ பகுதியின் ‘வாசிப்பு’த் திரையில் முகப்புப் பக்கம் எது என்ற பெட்டியில் பழையதற்குப் பதிலாகப் புதியதைத் தேர்ந்து சேமியுங்கள். அவ்வளவுதான், கடையின் முகம் மாறிவிட்டது. பிடிக்கவில்லை, ஏதோ பிசகு என்றால் அதே பெட்டியில் பழையதைத் தேர்ந்தால் பழையபடி ஆகிவிடும். ஓடர் ஒன்றுகூடத் தொலையாது. இந்த ஒரு வசதிக்காகவே இந்த முறையைச் சொல்கிறேன்.

நிறங்களையும் எழுத்துருவையும் முகப்பை மாற்றும் அதே நேரத்தில், கடைசியாகத் திருத்துங்கள். அவை தளம் முழுக்கப் பொருந்துபவை. முன்கூட்டியே மாற்றினால் பழைய பக்கங்களும் அந்த நொடியே நிறம் மாறி நிற்கும். அதுவரை புதிய முகப்பு பழைய நிறத்தில் தெரிந்தால் கலங்க வேண்டாம். நிறக் குறியீட்டைக் கண்ணால் பார்த்துத் தட்டாமல் நகலெடுத்து ஒட்டுங்கள். குறியீட்டில் ஓர் எழுத்துப் பிசகினாலே மெரூன் வேறு நிறமாகிவிடும், துணி விற்கும் கடைக்கு அது சின்ன விஷயமில்லை.

எந்த நேரத்தில் செய்வது? நள்ளிரவில் செய் என்று எல்லோரும் சொல்வார்கள். உங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே இரவு 1.00 மணி என்றால் அங்கே 10.30 தான், வேலை முடித்து, சாப்பிட்டு, கைத்தொலைபேசியைக் கையில் எடுக்கும் நேரம். சுபஹுத் தொழுகைக்குப் பின், காலை 5.30 மணிக்குச் செய்யுங்கள், அங்கே 3.00 மணி, ஊர் உறங்கும். ஹொஸ்டிங் நிறுவனத்தின் உதவிப் பிரிவு எந்நேரமும் பதில் தருமா என்பதை முந்தைய நாளே கேட்டுவையுங்கள். பெருநாளுக்கு முந்திய இரண்டு வாரத்தில் எதையும் தொடாதீர்கள். விற்பனை உச்சத்தில் இருக்கும்போது புதிய முகப்பால் வரும் இலாபத்தைவிட ஒரு மணி நேரம் கடை மூடிக் கிடந்தால் வரும் நட்டம் பெரிது. இப்போதே நாள் நெருங்கிவிட்டதென்றால் பெருநாள் கழியட்டும்.

தொடங்குவதற்குச் சற்று முன், அதே காலையில், முழு பேக்கப் எடுங்கள். கோப்பும் தரவுத்தளமும் இரண்டும். அப்டிராஃப்ட்பிளஸ் போன்ற பிளகின் இலவசமாகவே கூகுள் டிரைவில் கொண்டுபோய் வைக்கும். ஹொஸ்டிங் நிறுவனம் தினமும் எடுக்கும் பேக்கப்பை மட்டும் நம்பாதீர்கள். அது நேற்று இரவில் எடுத்ததாக இருந்தால் அதற்குப் பிந்திய ஓடர்கள் அதில் இருக்காது. எடுத்த பேக்கப்பை ஒரு முறையாவது வேறோர் உபடொமைனில் (உங்கள் தள முகவரியின் கிளை முகவரியில்) மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப் வேலை செய்யும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. மீட்கும்போதும் மேலே சொன்ன அதே ஆபத்து உண்டு: பேக்கப் எடுத்த பின் வந்த ஓடர்கள் அழியும். ஆகவே வேலை நடக்கும் அந்தச் சிறிது நேரத்துக்குக் கடைப் பக்கங்களை மட்டும் மூடிவைக்கலாம்; புதிய வூகொமர்ஸ் பதிப்புகளில் ‘விரைவில் வருகிறோம்’ என்று காட்டும் வசதி அமைப்புகளிலேயே இருக்கிறது.

முடிந்ததும் சோதிப்பது எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் பலர் கோட்டைவிடுவது அங்கேதான். நிர்வாகியாக உள்நுழைந்த கணினியில் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். அங்கே ‘கேஷ்’ (வேகத்துக்காகச் சேமித்துவைத்துக் காட்டும் பக்கப் பிரதி) பெரும்பாலும் வேலை செய்யாது, வாடிக்கையாளர் பார்ப்பது வேறாக இருக்கும். கேஷைத் துடையுங்கள். எலிமென்டரின் கருவிகள் பக்கத்தில் அது உருவாக்கிவைத்த சிஎஸ்எஸ் (தோற்றத்தைத் தீர்மானிக்கும்) கோப்புகளைப் புதுப்பிக்கும் பொத்தானை அழுத்துங்கள். பின்னர் வைஃபையை நிறுத்திவிட்டு, வீட்டில் இன்னொருவரின் கைத்தொலைபேசியில் கடையைத் திறந்து, அவரையே ஒரு சாரம் வாங்கச் சொல்லுங்கள். பொருள் கையில் கிடைத்ததும் காசு தரும் முறையில் ஓர் ஓடர், கார்டில் ஓர் ஓடர். விநியோகக் கட்டணம் கல்முனைக்கு எவ்வளவு வருகிறது, கொழும்புக்கு எவ்வளவு வருகிறது, மின்னஞ்சல் இரண்டு பக்கமும் போகிறதா, கையிருப்பு ஒன்று குறைகிறதா என்று பாருங்கள். கார்டில் கட்டிய காசைப் பின்னர் திருப்பிக்கொள்ளலாம்.

முழுத் தளத்தையும் தள்ளுவது சரியாகப் பொருந்தும் இடங்களும் உண்டு. பாசிக்குடாவில் ஒரு விடுதி. முன்பதிவு எல்லாம் வெளித்தளங்களிலும் வாட்ஸ்அப்பிலும் நடக்கிறது, சொந்தத் தளத்தில் படங்களும் விலைப்பட்டியலும்தான். அல்லது ஒரு பாடசாலைத் தளம், கோயில் தளம். லைவ் தளத்தில் யாரும் எதையும் நிரப்புவதில்லை என்றால் தாராளமாகப் பொத்தானை அழுத்தலாம். இடையில் ஒருவரும் லைவ் தளத்தில் செய்தி போடக்கூடாது என்று சொல்லிவைத்தால் போதும். கிழக்குக் கரை விடுதிகளுக்கு மழை முடிந்து பருவம் தொடங்கும் முன்னர், பெப்ரவரி மார்ச் அளவில் இதைச் செய்து முடிப்பது நல்லது.

ஆனால் முழுத் தளத்தையும் தள்ளும்போது வரக்கூடாத சிலவும் கூடவே வந்து சேரும். சோதனைத் தளத்தில் தேடுபொறிகள் வரவேண்டாம் என்று ‘வாசிப்பு’த் திரையில் ஒரு பெட்டியில் குறியிட்டிருப்பார்கள். அந்தக் குறி லைவ் தளத்துக்கு வந்துவிட்டால் ஒன்றும் உடையாது, யாருக்கும் தெரியாது, கூகுள் மட்டும் மெல்ல மெல்ல உங்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். மின்னஞ்சல் போகாமல் தடுக்கும் பிளகின் வந்துவிட்டால் ஓடர் வந்த சேதியே உங்களுக்கு வராது. பேஹியர் மாதிரியான, கார்டில் காசு வாங்கித் தரும் கட்டண வழியில் ‘சேண்ட்பொக்ஸ்’ (சோதனை முறை) பெட்டியில் குறி இருந்தால் ஓடர் வரும், காசு வராது. அங்கே ரகசிய இலக்கம் ஒவ்வொரு டொமைனுக்கும் வெவ்வேறு என்பதையும் நினைவில் வையுங்கள்.

முழுத் தளத்தை நகர்த்தும் பிளகின்கள் பலவற்றில் பெரிய கோப்பைக் கணினிக்கு இறக்கி மறுபடி ஏற்ற வேண்டிவரும். நவம்பர் டிசம்பர் மழையில் லைன் போய்ப் போய் வரும் ஊரில் அது பெரும் வதை. பாதியில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. ஹொஸ்டிங்கின் சொந்தக் கருவி சேர்வருக்குள்ளேயே வேலையை முடித்துவிடும், உங்கள் இணைப்பு அதற்குத் தேவையில்லை. முகவரி மாற்றத்தைத் தரவுத்தளக் கோப்பை நோட்பேடில் திறந்து தேடி மாற்றிச் செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வேர்ட்பிரஸ் பல இடங்களில் ஒரு சொல்தொடரை அதன் நீளத்தோடு சேர்த்து எழுதிவைக்கிறது. முகவரி நீண்டோ குறுகியோ போனால் அந்த எண் பிசகி, அமைப்புகள் சத்தமில்லாமல் காலியாகிவிடும். பெட்டர் சேர்ச் ரிப்ளேஸ் என்ற பிளகின் அந்த நீளத்தையும் சேர்த்துத் திருத்தும்.

தமிழில் தளம் நடத்துகிறவர்களுக்கு மட்டும் உள்ள தொல்லைகள் சில இருக்கின்றன. ஆங்கில வழிகாட்டிகளில் அவை இருக்காது. படக் கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தால், ஒரு சேர்வரில் சுருட்டி இன்னொன்றில் விரிக்கும்போது பெயர் சிதைந்து படம் காணாமல் போகலாம். ‘கொ’ போன்ற எழுத்துகளில் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியாகவும் சேமிக்கப்படலாம், இரண்டு குறிகளாகப் பிரிந்தும் சேமிக்கப்படலாம். கண்ணுக்கு ஒன்றுதான், சேர்வருக்கு வேறு வேறு பெயர். படக் கோப்புக்கு ஆங்கில எழுத்தில் பெயர் வைத்துவிடுங்கள், பக்கத்தில் தமிழ்த் தலைப்பு இருந்தால் போதும். பக்க முகவரியும் அப்படித்தான். வேர்ட்பிரஸ் அதற்கு 200 இடம் ஒதுக்குகிறது. ஒரு தமிழ்க் குறி அதில் 9 இடத்தைத் தின்னும். புள்ளியும் காலும் கொம்பும் தனித்தனிக் குறிகள். 22 குறிகளுக்கு மேல் போனால் முகவரி நடுவில் வெட்டுப்படும். "மருதமுனைக் கைத்தறிச் சேலைகள்" என்ற தலைப்பே முழுதாகக் கொள்ளாது. அதனால் புதிய முகப்பைத் தவிர வேறு பக்கம் எதையும் புதிதாக உருவாக்கினால், முகவரியைச் சுருக்கமாகக் கையால் தட்டுங்கள். பழைய பக்கத்தின் முகவரியை மட்டும் மாற்றாதீர்கள், வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் பகிர்ந்த இணைப்புகள் அறுந்துவிடும்.

ஷாப்பிஃபைக்கு (இணையக் கடையைச் சந்தாவுக்கு நடத்தித் தரும் சேவை) மாறலாமா என்று இடையில் கேட்டிருந்தீர்கள். அங்கே தோற்றம் தனி, ஓடர் தனி. தீமைப் பிரதி எடுத்துத் திருத்தி, ‘பப்ளிஷ்’ கொடுத்தால் பழைய தீம் ஓரமாகக் காத்திருக்கும். இந்தத் தலைவலியில் பாதி அங்கே இல்லை. மாதச் சந்தாவை டொலரில் கட்டவேண்டும் என்பதையும் கணக்கில் எடுத்து முடிவு செய்யுங்கள். இந்த நான்கு மாற்றங்களுக்காக மாறத் தேவையில்லை.

அடுத்தது, செய்து கொடுத்தவர் வெளிநாடு போய்விட்டார் என்றீர்களே, ஹொஸ்டிங் கணக்கும் டொமைனும் யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் இருக்கின்றன என்று மேலே சொன்ன எதையும் தொடங்குமுன் பாருங்கள். அவருடைய மின்னஞ்சலில் இருந்தால் அவரோடு நல்லுறவு இருக்கும்போதே உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நடுவில் ஏதாவது சிக்கி, ஹொஸ்டிங் நிறுவனத்திடம் உதவி கேட்கும்போது கணக்குக்கு உரியவர் நீங்கள்தான் என்று காட்டவேண்டிவரும்.

எல்லாம் நன்றாக ஓடுகிறது என்று ஒரு வாரம் பார்த்தபின் சோதனைத் தளத்தை அழித்துவிடுங்கள். அதில் உங்கள் வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் எல்லாம் பிரதியாகக் கிடக்கின்றன. யாரும் அப்டேட் செய்யாத தளத்துக்குள் புகுவது எளிது. இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. அந்த விவரங்களுக்குப் பொறுப்பு உங்களுடையது. அடுத்த முறை ஏதாவது மாற்ற நினைத்தால் அன்றைய லைவ் தளத்திலிருந்து புதுப் பிரதி எடுத்து, அதில் முதல் வேலையாக மின்னஞ்சலை நிறுத்திவிட்டு, கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.